கோவில் மலருக்குக் கரமோன் பொருந்துமா?

மொரீசியசின் ரோஸ் ஹில்லிலிருந்து நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிக்கலாம் என்பதால். உங்கள் கோவிலின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறீர்கள். ஏ5 அளவு, 120 பக்கம், ஒரு பக்கம் பிரெஞ்சு, எதிர்ப்பக்கம் தமிழ். தைப்பூசக் காவடிக்கு முன்னால் கையில் இருக்க வேண்டும். அச்சகத்துக்காரர் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துரு போதும் என்கிறார். பாரிசில் படிக்கும் உங்கள் அண்ணன் மகள் கரமோன்தான் அழகு என்கிறாள். அந்த எழுத்துருவின் குணம் என்ன, எதற்கு ஆகும், எதற்கு ஆகாது, அதன் பக்கத்தில் எந்தத் தமிழ் எழுத்தை வைப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

கரமோன் பொருந்தும். ஆனால் 12 பாயிண்டுக்குக் குறையக் கூடாது, வழவழப்பான தாளில் போடக் கூடாது, கதை சொல்லும் பகுதிக்கு மட்டும்தான் அது. நன்கொடையாளர் பட்டியலுக்கும் படக்குறிப்புக்கும் வேறு எழுத்து வேண்டும். தமிழை அதைவிடச் சின்ன எண்ணில் வைக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் இனி வருவது. போர்ட் லூயியில் பக்கம் கட்டும் வேலையில் முப்பது வருடம் இருந்தவன் நான், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் பெயர்ச் சிக்கலைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் கணினியில் "காரமண்ட்" என்று இருப்பது கரமோன் செதுக்கிய எழுத்தே அல்ல. கிளோத் கரமோன் 16ஆம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்தவர், 1561இல் இறந்தார். எஃகுத் துண்டின் முனையில் ஒவ்வொரு எழுத்தையும் இடவலம் மாற்றிச் செதுக்குவது அவர் தொழில். அந்த முனையைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்கி, அதில் ஈயக் கலவையை ஊற்றினால் அச்செழுத்து கிடைக்கும். வெனிசில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளருக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ 1490களில் வெட்டிய எழுத்துதான் பாரிசுக்காரர்களுக்கு முன்மாதிரி. கரமோன் அதை மெருகேற்றினார். அவர் காலமான பிறகு அவருடைய எஃகு முனைகளும் செம்பு அச்சுகளும் விற்பனைக்கு வந்தன. ஆண்ட்வெர்ப் நகரத்து கிறிஸ்டோஃப் பிளாந்தேன் நிறைய வாங்கினார். அவருடைய அச்சகம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது, அந்தச் சாமான்களில் பலவற்றை இன்றும் அங்கே பார்க்கலாம்.

அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1615 வாக்கில், செடான் என்ற ஊரில் ழான் ழானோன் என்ற அச்சுக்காரர் அதே சாயலில் தன் எழுத்துகளை வெட்டினார். 1641இல் அவற்றில் ஒரு பகுதி பிரான்சின் அரச அச்சகத்துக்குப் போனது. காலம் போகப் போக யார் வெட்டியது என்பது மறந்து, அந்த அச்சகமே அவற்றைக் கரமோன் எழுத்து என்று சொல்லத் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பெரிய எழுத்து நிறுவனங்கள் அதை நம்பி நகல் எடுத்தன. மோனோடைப் நிறுவனத்தின் 1922ஆம் ஆண்டு வடிவம் அப்படிப்பட்டது. 1926இல் பியாட்ரிஸ் வார்ட் என்ற பெண்மணி, போல் போழோன் என்ற ஆண் பெயரில், இது கரமோன் அல்ல, ழானோன் என்று ஆதாரத்தோடு எழுதினார். உண்மை வெளிவந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. மைக்ரோசாஃப்ட் ஆஃபீசோடு வரும் "காரமண்ட்" அந்த 1922ஆம் ஆண்டு மோனோடைப் வடிவம்தான்.

இதைச் சொல்லக் காரணம் வெறும் வரலாற்று ஆசை அல்ல. இரண்டும் பக்கத்தில் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. ழானோன் வகையில் கூர்மை அதிகம். சிறிய எம், என், ஆர் எழுத்துகளின் தலையில் உள்ள முக்கோண முனைகள் செங்குத்தாக, குடைந்தெடுத்ததுபோல் இருக்கும். சாய்வெழுத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு கோணத்தில் சாயும். தலைப்பில் பெரிதாகப் பார்க்க அது அழகு. பக்கம் பக்கமாகப் படிக்க எனக்கு அது சற்று அலைபாய்வதாகத் தோன்றும், அதுவும் ஆஃபீசில் வரும் அந்த வடிவம் அச்சில் மிகவும் மெலிந்து விழும். நிஜக் கரமோனை ஒட்டி வந்தவை என்றால் ராபர்ட் ஸ்லிம்பாக் 1989இல் செய்த அடோபி கரமோன், அவரே 2005இல் திரும்பச் செய்த கரமோன் பிரிமியர், அப்புறம் இலவசமாகக் கிடைக்கும் ஈபி கரமோன். கடைசியாகச் சொன்னது கியார்க் டுஃப்னர் தொடங்கியது. 1592இல் பிராங்ஃபர்ட்டில் அச்சான ஒரு மாதிரித் தாளில் கரமோனின் எழுத்துகள் அவர் பெயரோடே இருக்கின்றன, அதைப் பார்த்து வரைந்தது. எகெனால்ஃப், பெர்னர் என்ற அந்த அச்செழுத்துக் கடைக்காரர்களின் முதலெழுத்துகள்தான் ஈ, பி. கோவில் பணத்தில் எழுத்துருவுக்கென்று ஒரு ரூபாயும் போக வேண்டாம், ஈபி கரமோனையே எடுங்கள்.

இனி குணத்துக்கு வருவோம்.

செரிஃப் என்பது எழுத்தின் கோடு முடியும் இடத்தில் இருக்கும் சிறு பாதம். ஆனால் கரமோனைக் கரமோனாக ஆக்குவது பாதம் மட்டும் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் பேனா. பட்டை முனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதினால் ஒரு பக்கம் கோடு தடிக்கும், ஒரு பக்கம் மெலியும். கரமோனின் வட்டமான ஓ எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மெலிந்த இடம் நேர் உச்சியில் இல்லாமல் மேலே சற்று இடப்பக்கமும், கீழே சற்று வலப்பக்கமும் விழுந்திருக்கும். கை எழுதியதன் தடம் அது. தடிப்புக்கும் மெலிவுக்கும் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் கண்ணைக் குத்தும் அளவுக்கு இல்லை. பாதங்களும் கத்தி வைத்து வெட்டியதுபோல் நேராக இல்லாமல் கோட்டிலிருந்து வளைந்து இறங்கும். சிறிய ஏ எழுத்தின் வயிறு சின்னது, சிறிய ஈ எழுத்தின் கண்ணும் சின்னது, மேலே ஒட்டி நிற்கும். பி, டி, எச், எல் போன்றவற்றின் கொம்புகள் பெரிய எழுத்துகளையும் தாண்டி உயரும்.

இந்தக் கடைசிக் குணம் உங்கள் புத்தகத்துக்கு மிக முக்கியம். கோவில் வரலாறு என்றால் ஆள் பெயர், ஊர்ப் பெயர், சாமி பெயர் வரிக்கு இரண்டு மூன்று வரும். பிரெஞ்சில் அத்தனைக்கும் தலையெழுத்து பெரிதாக வேண்டும். பெரிய எழுத்து ஓங்கி நிற்கும் எழுத்துருவாக இருந்தால் பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கறுத்துத் தெரியும். கரமோனில் பெரிய எழுத்து கொம்புகளைவிடத் தாழ்ந்து அடக்கமாக நிற்பதால் வரி ஒரே சீராக ஓடும். பிரெஞ்சுக்காரர்கள் இத்தனை காலமாக இலக்கியத்தை இதில் அச்சடிப்பதற்குப் பழக்கம் மட்டும் காரணம் அல்ல. மேலே ஏறும் குறி, இறங்கும் குறி, கூரை, இரட்டைப் புள்ளி, சி எழுத்தின் அடியில் தொங்கும் வால், ஓவும் ஈயும் ஒட்டிய எழுத்து எல்லாம் இதில் ஒட்டவைத்ததுபோல் இல்லாமல் எழுத்தோடு பிறந்ததுபோல் இருக்கும். சிறிய எழுத்தின் உடல் குள்ளமாக இருப்பதால் மேலே குறி போட இடமும் தாராளமாக இருக்கிறது.

அந்தக் குள்ளமான உடல்தான் இதன் பலமும் பலவீனமும். இதை எண்ணில் சொல்கிறேன், அப்போதுதான் அச்சகத்துக்காரரோடு பேச முடியும். சிறிய எக்ஸ் எழுத்தின் உயரத்தை எக்ஸ் உயரம் என்பார்கள். ஈபி கரமோனில் அது எழுத்தளவில் சுமார் 40 சதவீதம். டைம்ஸ் நியூ ரோமனில் சுமார் 45. மாத்யூ கார்ட்டர் கணினித் திரைக்கென்று வரைந்து 1996இல் வெளிவந்த ஜார்ஜியாவில் சுமார் 48. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 பாயிண்ட் கரமோனில் கண்ணுக்குத் தெரியும் உயரம் 4.8 பாயிண்ட். அதே உயரம் டைம்ஸில் 10.7 பாயிண்டிலேயே வந்துவிடும், ஜார்ஜியாவில் 10 பாயிண்டிலேயே. ஆகவே "எல்லாம் 11 பாயிண்ட் போடுங்கள்" என்று சொல்வதில் ஒரு அர்த்தமும் இல்லை. பாயிண்ட் என்பது எழுத்து உட்கார்ந்திருக்கும் பெட்டியின் அளவு, எழுத்தின் அளவு அல்ல. 2014இல் அமெரிக்காவில் ஒரு பள்ளி மாணவர், அரசாங்கம் கரமோனுக்கு மாறினால் மை செலவு பெரிதும் குறையும் என்று கணக்குக் காட்டி அது உலகமெல்லாம் செய்தியானது. எழுத்துக் கலைஞர்கள் சொன்ன பதில் இதுதான்: அதே பாயிண்டில் கரமோன் சின்னதாக அச்சாகிறது, மை குறைவதற்கு அதுவே காரணம். படிக்கும் அளவுக்குப் பெரிதாக்கினால் அந்த மிச்சம் போய்விடும்.

இதில் நான் பட்ட அனுபவம் ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு கோவிலின் கும்பாபிஷேக மலரைக் கரமோனில் 10.5 பாயிண்டில் கட்டினேன். திரையில் அழகாக இருந்தது. புகைப்படங்கள் நன்றாக வர வேண்டும் என்று கமிட்டி வழவழப்பான ஆர்ட் பேப்பர் கேட்டது, நானும் சரி என்றேன். விழா நாளில் மண்டபத்தில் ஒரு பாட்டி புத்தகத்தைக் கைநீட்டிப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து, பிறகு மூடி மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய அப்பாவைப் பற்றிய பக்கம் அதற்குள்தான் இருந்தது. அந்த ஒரு காட்சி இன்னும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதற்குப் பிறகு நான் 12க்குக் கீழே இறங்கியதில்லை.

தாள் ஏன் முக்கியம்? ஈய எழுத்துக் காலத்தில் எழுத்து தாளை அழுத்தும், மை ஓரத்தில் சற்றுப் பிதுங்கும். கரமோனின் மெல்லிய கோடுகள் அந்தப் பிதுங்கலில் சதை பிடித்துத்தான் நாம் பழைய புத்தகங்களில் காணும் அந்தக் கனமான கறுப்பு வந்தது. இப்போதைய ஆஃப்செட் அச்சில் அந்த அழுத்தம் இல்லை. ஆர்ட் பேப்பர் மையை உள்ளே இழுக்காது. கோடு உள்ளது உள்ளபடி ஒல்லியாகவே நிற்கும், மேலே விளக்கு வெளிச்சம் பட்டுப் பளிச்சிடும். பூச்சில்லாத, லேசாகப் பழுப்பேறிய வெள்ளைத் தாள் எடுத்தால் மை கொஞ்சம் பரவும், கண்ணும் கூசாது. படங்களை நடுவில் 16 பக்கம் தனியாக ஆர்ட் பேப்பரில் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள்.

டைம்ஸைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அது கெட்ட எழுத்து அல்ல. லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்காக ஸ்டான்லி மோரிசன் மேற்பார்வையில் விக்டர் லார்டன்ட் வரைந்தது, 1932 அக்டோபரில் பத்திரிகையில் ஏறியது. ஒடுக்கமான பத்தியில் நிறைய சொற்களை அடைக்க வேண்டும், வேகமாக ஓடும் எந்திரத்தில் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காகச் செய்தது. அதனால் எழுத்துகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். புத்தகத்தின் அகலமான வரியில் அந்த நெருக்கம் மூச்சு முட்டும். அதோடு, நம் நாட்டில் வரும் அரசாங்கக் கடிதம், வழக்கறிஞர் நோட்டீஸ் எல்லாம் டைம்ஸில்தான் வருகிறது. உங்கள் முப்பாட்டனார் கரும்புத் தோட்டத்திலிருந்து காசு சேர்த்துக் கல் எடுத்துக் கட்டிய கதையை அதே முகத்தில் சொல்ல வேண்டுமா என்று யோசியுங்கள்.

இப்போது கரமோன் எங்கே ஆகாது என்று பார்ப்போம். நன்கொடையாளர் பட்டியலில் பெயர், ஊர், தொகை என்று மூன்று பத்தி இருக்கும். அங்கே ரூபாய் எண்கள் நேராக ஒன்றன்கீழ் ஒன்று நிற்க வேண்டும். ஈபி கரமோனில் நான்கு வகை எண் இருக்கிறது. 1968 போன்ற ஆண்டுகள் கதைக்குள் வரும்போது ஏறி இறங்கும் பழைய பாணி எண்ணைப் போடுங்கள், வரியோடு கலந்து ஓடும். பட்டியலில் அதையே போட்டால் தொகைகள் தள்ளாடும். பட்டியலுக்கு முக்தா மலர் என்ற எழுத்துருவை எடுத்துக்கொள்வது நல்லது. அதில் தமிழும் பிரெஞ்சும் ஒரே குடும்பமாக வரையப்பட்டிருக்கின்றன, பாதமில்லாத எழுத்து, சின்ன அளவிலும் தெளிவு, அதுவும் இலவசம். படக்குறிப்பு 8 பாயிண்டில் என்றால் அதற்கும் முக்தா மலரே.

சிவப்பு அட்டையில் வெள்ளை எழுத்து, குங்குமப் பின்னணியில் தங்க எழுத்து என்று கேட்பார்கள். கேட்காத கமிட்டியை நான் பார்த்ததில்லை. பின்னணி மை மெல்லிய கோடுகளுக்குள் வழிந்து கரமோனின் பாதங்களையும் இணைப்புகளையும் தின்றுவிடும். 30 பாயிண்டுக்கு மேல் பெரிய தலைப்பாக இருந்தால் பிழைக்கும், அதற்குக் கீழே வேண்டாம். அதேபோல் புத்தகத்தை பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்புவோம் என்றால் கைபேசித் திரையில் இந்த எழுத்து நூல் நூலாகப் போகும். அனுப்புவதற்கென்று தனியாக ஒரு கோப்பு ஜார்ஜியாவில் கட்டிக்கொள்ளுங்கள், அரைநாள் வேலை.

தடித்த எழுத்து விஷயம். கரமோன் காலத்தில் தடித்த எழுத்து என்ற ஒன்றே கிடையாது. இப்போதுள்ள கரமோன் தடிப்புகள் எல்லாம் பின்னால் வந்தவர்கள் கற்பனையில் செய்தவை, பல நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் அத்தியாயத் தலைப்பைத் தடிமன் ஏற்றாமல் அதே எடையில் 18 பாயிண்டில், மேலே நிறைய வெற்றிடம் விட்டுப் போட்டுப் பாருங்கள். அதன் கம்பீரம் தனி. உள்தலைப்புக்குச் சாய்வெழுத்து போதும். கரமோன் குடும்பங்களில் இருக்கும் நல்ல சாய்வெழுத்துக்கு மூலம் பெரும்பாலும் அவர் காலத்து ரோபேர் கிராஞ்சோன் வெட்டியது, அதைப்போல ஓடும் சாய்வெழுத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சாய்வெழுத்து என்றதும் ஒன்று. பிரெஞ்சு வழக்கப்படி அயல்மொழிச் சொல்லைச் சாய்ப்பார்கள். கோவில், காவடி, பூசாரி, பிரசாதம் எல்லாவற்றையும் உங்கள் பிரெஞ்சு திருத்துநர் சாய்த்து வைத்திருப்பார். தயவுசெய்து நேராக்கச் சொல்லுங்கள். மொரீசியசில் கோவிலும் காவடியும் அயல்சொல் அல்ல. கிரியோல் பேசும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அவை தெரியும். தேவாரப் பாட்டின் அடி, ஒரு நூலின் பெயர், இவற்றுக்குச் சாய்வை மிச்சம் வையுங்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலான இருமொழிப் புத்தகங்கள் கெட்டுப்போகின்றன.

கரமோன் எழுத்து பேனாவில் பிறந்தது என்றேன். நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது. எழுத்தாணி எந்தப் பக்கம் திரும்பினாலும் கோடு ஒரே தடிப்பாகத்தான் விழும். அதனால் தமிழுக்குச் செரிஃப் என்று இயல்பாக எதுவும் இல்லை. "செரிஃப் தமிழ்" என்ற பெயரில் வருபவை கோட்டில் தடிப்பு மெலிவைக் கொண்டுவந்து செரிஃப் எழுத்தோடு ஒத்துப்போகப் பார்க்கின்றன. ஆகவே பெயரைப் பார்த்து ஜோடி சேர்க்காதீர்கள். இரண்டு பக்கத்தையும் ஒரு கை தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எழுத்தும் வெள்ளையும் கலந்து தெரியும் சாம்பல் நிறம் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா? அதுதான் ஜோடிப் பொருத்தம்.

இரண்டு எழுத்துகளுக்கும் வயதில் பெரிய இடைவெளி இல்லை என்பதையும் சொல்ல ஆசை. கரமோன் உயிரோடு இருந்தபோதே, 1554இல், லிஸ்பனில் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சடித்துவிட்டார்கள். அவர் இறந்து 17 வருடத்தில், 1578இல், கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழ் அச்செழுத்திலேயே வந்துவிட்டது. இந்திய எழுத்துகளில் முதலில் அச்சேறியவற்றுள் ஒன்று நம்முடையது. பிரெஞ்சுக் கரமோன் பக்கத்தில் தமிழ் வந்து நிற்பது புதிதாக ஒட்டவைத்த காரியம் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு இந்த ஆண்டுகளைச் சொல்லுங்கள்.

என் தேர்வு டிரோ தமிழ் என்ற எழுத்துரு. இலக்கியப் பதிப்புக்கென்று வரைந்த எழுத்து, இலவசம், கோடுகளில் தடிப்பும் மெலிவும் அளவாக இருக்கும், கரமோனின் சாம்பலுக்கு அருகில் வரும். தடித்த வடிவம் கிடையாது. நான் மேலே சொன்னபடி தலைப்பை அளவால் காட்டினால் அது தேவையும் படாது. தடிப்பு கட்டாயம் வேண்டும் என்று கமிட்டி சொன்னால் நோட்டோ செரிஃப் தமிழ் எடுங்கள், அதில் மெலிவிலிருந்து கனம் வரை எல்லாம் இருக்கிறது, ஆனால் கரமோன் பக்கத்தில் சற்று முறுக்காகத் தெரியும். இரண்டிலும் சாய்ந்த தமிழ் கிடைக்கும், அதைத் தொடாமல் இருப்பதே மேல். தமிழில் அழுத்தம் காட்ட நமக்கு மேற்கோள் குறி இருக்கிறது, ஏகாரம் இருக்கிறது, சொல்லின் இடத்தை மாற்றும் வசதி இருக்கிறது.

அளவு. தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. க, ட, ப, ம எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில், கரமோனின் சிறிய எழுத்தைவிட நன்றாகவே உயரமாக நிற்கும். இரண்டையும் 12 பாயிண்டில் வைத்தால் தமிழ் கூச்சல் போடும், பிரெஞ்சு முணுமுணுக்கும். தலைகீழாகத் தமிழைப் பயந்து 8.5க்கு இறக்கிவிட்டால், தமிழ் தன் வீட்டுப் புத்தகத்திலேயே விருந்தாளிபோல் ஓரமாக நிற்கும். கரமோன் 12.5, தமிழ் 10 என்று தொடங்குங்கள், அரைப் பாயிண்ட் ஏற்றி இறக்கிப் பாருங்கள். 1998இல் புதிய ரூபாய் நோட்டில் தமிழுக்கும் இந்திக்கும் வரிசை மாறிப்போனதால் நாடே கொந்தளித்து, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றதை உங்கள் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எந்த மொழி இடப்பக்கம், எது வலப்பக்கம் என்பதைக் கமிட்டி பேசி முடிவெடுக்கட்டும். ஆனால் இரண்டும் கண்ணுக்குச் சம எடையாகத் தெரிய வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வரி இடைவெளியை இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாக 16 பாயிண்ட் வையுங்கள். தமிழில் மேலே கீ, தீ என்று கொம்பு சுழிக்கும், கீழே மூ, தூ, ஞூ என்று வால் இறங்கும், ஒரு வரியின் வால் அடுத்த வரியின் தலையில் இடிக்கக் கூடாது. 10க்கு 16 என்பது அதற்கு வசதியான இடம். 12.5க்கு 16 கரமோனுக்கும் காற்றோட்டம். ஒரே இடைவெளி என்பதால் எதிரெதிர்ப் பக்கங்களில் வரிகள் ஒரே கோட்டில் உட்காரும், தாளின் பின்பக்க வரி முன்பக்கத்தில் தெரிந்தாலும் வரிமேல் வரியாக விழும். ஏ5 பக்கத்தில் எழுத்துப் பரப்பை 107 மில்லிமீட்டர் அகலம், 165 உயரம் என்று கொண்டால் 29 வரி வரும். பிரெஞ்சு வரிக்குச் சுமார் 60 எழுத்து, படிக்க ஏற்ற நீளம். தமிழில் அதே வரிக்கு ஐந்தாறு சொல்தான் பிடிக்கும். நம் சொற்கள் நீளம் என்பதால் இருபுறமும் வரிசைப்படுத்தினால் நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும். தமிழை இடப்பக்கம் மட்டும் வரிசைப்படுத்தி வலப்பக்கத்தை விட்டுவிடுங்கள். பிரெஞ்சையும் அப்படியே விட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

கணினி விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்க் கட்டுரைகள் சில பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ வந்திருக்கும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே பக்கத்தில் ஊற்றுங்கள். பழைய தமிழ் எழுத்துருக்களில் பல, பிரெஞ்சுக் குறியெழுத்துகளின் இடத்தையே தமிழ் எழுத்துக்குப் பிடித்துக்கொண்டவை. இருமொழிக் கோப்பில் ஒரு பிரெஞ்சுப் பெயர் நடுவில் திடீரென்று ஒரு தமிழ் எழுத்து முளைப்பது அதனால்தான். பக்கம் கட்ட இன்டிசைன் மென்பொருளைப் பயன்படுத்தினால் தமிழ்ப் பத்திகளுக்கு அதிலுள்ள வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் கொ, கோ எல்லாம் பிரிந்து நிற்கும். பிரெஞ்சில் கேள்விக்குறி, வியப்புக்குறி, அரைப்புள்ளி ஆகியவற்றுக்கு முன்னால் ஒடுங்கிய, வரி உடையாத இடைவெளி வேண்டும். சாதாரண இடைவெளி போட்டால் கேள்விக்குறி தனியாக அடுத்த வரிக்கு ஓடிவிடும். பெரிய எழுத்தின் மேலும் குறி போடுங்கள், நம் தீவின் பெயரே கூரை போட்ட பெரிய ஐ எழுத்தில்தான் தொடங்குகிறது. தேவாரத்தை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்துப் போடுவதாக இருந்தால் ழ, ற, ன ஆகியவற்றுக்கு அடிக்கோடு, நெடிலுக்கு மேல்கோடு, டகரத்துக்கு அடிப்புள்ளி எல்லாம் வரும். அவற்றை முதல் நாளே தட்டச்சு செய்து ஒன்றாவது வேறு முகத்தில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அந்தப் பாட்டுகளுக்கு மட்டும் ஜெண்டியம் எழுத்துருவை எடுக்கலாம். எஸ்ஐஎல் அமைப்புக்காக விக்டர் கால்ட்னி வரைந்தது, இந்தக் குறிகள் அத்தனையும் அதில் உண்டு, கரமோன் பக்கத்தில் உறுத்தாது.

மாதிரி அச்சுக்கு இணையத்தில் கிடைக்கும் ஏதோ வாசகத்தைப் போடாதீர்கள். உங்கள் புத்தகத்திலேயே பெயர் அதிகம் உள்ள பக்கத்தை எடுங்கள். நம் குடும்பப் பெயர்களை இங்குள்ள வழக்கப்படி ரோமன் எழுத்தில் எழுதும்போது உகரத்துக்குப் பெரும்பாலும் இரட்டை ஓ வரும். முத்துசாமி, குப்புசாமி, முருகன், சுப்பிரமணியன் என்று எழுதிப் பாருங்கள், வரி முழுக்க வட்டம் வட்டமாக இருக்கும். சில எழுத்துருக்களில் அது பல்வரிசைபோல் தெரியும். கரமோனில் அந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் சற்றுச் சாய்ந்து அடுத்ததைத் தொட வருவதால் பெயர் ஒரே சொல்லாகச் சேர்ந்து நிற்கும். எனக்கு இந்த எழுத்தின்மேல் இத்தனை பற்று வந்ததே அப்படி ஒரு பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான்.

அந்தப் பக்கத்தையும் அதன் தமிழ் எதிர்ப்பக்கத்தையும் நீங்கள் வாங்கப்போகும் அதே தாளில், அச்சகத்திலேயே, மூன்று அளவில் எடுத்துத் தரச் சொல்லுங்கள்: கரமோன் 12, 12.5, 13. அடுத்த வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் மண்டபத்து டியூப் லைட் வெளிச்சத்தில், கண்ணாடி போட்ட பெரியவர்கள் நான்கைந்து பேரிடம் கொடுத்து, எது பிடிக்கிறது என்று கேட்காமல், ஒரு பத்தி சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தத் தாளில் தடுக்காமல் படிக்கிறார்களோ அந்த அளவில் கட்டுங்கள். 13தான் வசதி என்றால் வரி இடைவெளியை 16.5 ஆக்குங்கள், பக்கத்துக்கு 28 வரி வரும், வரிக்கு எழுத்தும் சற்றுக் குறையும், 120 பக்கம் இன்னும் சில பக்கம் கூடும். அதற்கேற்ப அச்சகத்தில் தாள் கணக்கை இப்போதே மாற்றிச் சொல்லிவிடுங்கள்.